ஒண்ணா ஏத்தினாலும் ஒவ்வொண்ணா

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என் வீட்டுக்காரருக்கு நாடாளுமன்ற சேனல் பைத்தியம் பிடித்தது. சீரியல் பார்த்தால்கூடப் பரவாயில்லை என்று தலையில் அடித்துக்கொள்வேன். சோறு போடும் நேரத்திலும் யாராவது மசோதாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒரே விஷயமாக இரண்டு மசோதா வந்தால் சேர்த்துப் பேசுவார்களாம், ஓட்டு மட்டும் தனித்தனியாம். ரொம்ப முக்கியம் என்று நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

விருத்தாசலத்தில் வீட்டின் பின்பக்கத்தில் பீங்கான் பொம்மை செய்கிறவள் நான். எனக்கென்று சூளை கிடையாது. எங்கள் பீங்கான் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் சூளையில்தான் சுட்டெடுக்க வேண்டும். போன வருஷம் சங்கக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் வந்தன. பழைய சூளைக்குப் பதில் புதிய கேஸ் சூளை போடுவது ஒன்று. சொந்தத் தொழில் கொட்டகை இல்லாமல் வீட்டிலேயே செய்கிறவர்களுக்கு இனிமேல் சூளையில் இடம் இல்லை என்பது இன்னொன்று. அது நிறைவேறினால் என் தொழில் அன்றோடு சரி.

இரண்டும் சூளை விஷயம்தானே, சேர்த்தே பேசிவிடலாம் என்றார் தலைவர். பேசினோம். பழைய சூளையில் பாதிச் சரக்கு விரிசலோடு வந்துகொண்டிருந்ததால் புதுச் சூளையை வேண்டாம் என்பார் யாருமில்லை. இரண்டாவது தீர்மானத்தைப் பற்றி நானும் இன்னும் நாலு பெண்களும் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டீ வந்தது. குடித்து முடித்ததும், இரண்டுக்கும் சேர்த்துக் கை தூக்குங்கள் என்றார் தலைவர். புதுச் சூளை கேட்டுத் தூக்குகிற கையே என்னை வெளியே தள்ளிவிடும்.

எழுந்து, தனித்தனியாகக் கேளுங்கள் என்றேன். ஒன்றாக ஏற்றிய சரக்கு ஒன்றாகத்தானே இறங்கும் என்று தலைவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏத்துறது ஒண்ணாத்தாங்க. எறக்கும்போது ஒவ்வொண்ணா தட்டிப் பாத்துத்தானே எடுக்கறோம்? விரிசல் வுட்டத ஓரமா வெக்கிறோமில்ல? டெல்லியிலயே அப்படித்தாங்க செய்யிறாங்க."

டெல்லியைச் சொன்னதற்கா, தட்டிப் பார்ப்பதைச் சொன்னதற்கா தெரியவில்லை, கூட்டத்தில் நாலைந்து தலைகள் ஆடின. பின்வரிசையில் ஒரு பெரியவர், அந்தம்மா சொல்வது நியாயம்தான் என்றார். தலைவருக்கு வேறு வழியில்லை. முதல் தீர்மானத்துக்கு எல்லாக் கையும் உயர்ந்தது, என் கையும்தான். இரண்டாவதற்கு மூன்றே கை. அதில் ஒன்று தலைவருடையது. சுற்றிலும் பார்த்துவிட்டு அவரும் மெதுவாக இறக்கிக்கொண்டார். அப்பாடா என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து டிவி சத்தத்தை நானே கூட்டி வைத்தேன். என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

புதுச் சூளையின் முதல் சரக்கில் என் பொம்மைகளும் தலைவரின் ஜாடிகளும் சேர்ந்தே ஏறின. இறக்கிய அன்று அவர் என் பொம்மை ஒன்றை எடுத்து, விரலால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார்.

"விரிசல் இல்லீங்க, நல்லா இருக்குது," என்று என் கையில் கொடுத்தார்.