மூன்று படிக் குழி

நடந்தவை, வரிசைப்படி:

1. ராஜபாளையத்தில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள்.
2. எனக்குத் தேர்தலில் நிற்க ஆசை. இருபத்தொரு வயது நிரம்ப ஐந்து மாதம் குறைந்தது.
3. தெருக்காரர்கள் கூடிப் பேசி, என் அண்ணன் மனைவியை நிறுத்தினார்கள்.
4. மதினி ஜெயித்தாள்.
5. தெருவின் மேற்குக் கோடிக்குப் புதுக் குடிநீர் பைப் கேட்டு நான் வரைபடம் போட்டேன்.
6. நகராட்சி இன்ஜினியர் அதில் ஒரு கேள்வி கேட்டார். பதில் மதினிக்குத் தெரிந்திருந்தது.

முதல் ஐந்தையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

நான் சிவில் டிப்ளமோ. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு பிளான் போடும் ஆபீஸ் ஒன்றில் வேலை. காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். மதினி எட்டாவது வரை படித்தவள். அவளுடைய வேட்புமனுவை நிரப்பியது நான். வாக்காளர் பட்டியலை வீடு வீடாகப் பிரித்தது நான். ஜெயித்த மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஒருவர், “கவுன்சிலரம்மா நாத்தனாரா?” என்று எழுந்து இடம் கொடுத்தார். நான் உட்காரவில்லை.

மேற்குக் கோடி மேடு. தண்ணீர் விடும் நாளிலும் அங்கே குழாயில் காற்றுதான் வரும். அதனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குழி தோண்டி, பைப்பை அறுத்து, குழாயைக் குழிக்குள் இறக்கியிருந்தார்கள். ஒரு வீட்டார் இறக்கினால் அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் நின்றுவிடும். அவர்கள் இன்னும் ஆழமாகத் தோண்டுவார்கள். எங்கள் குழிக்கு மூன்று படி.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை தெருவை அளந்து படம் போட்டேன். மதினி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“ஏட்டி, எனக்கும் செத்த வெளங்கச் சொல்லேன். ஆபீசர் கேட்டா நான் முழிச்சிக்கிட்டு நிக்கவா?”

“உங்களுக்குப் புரியாது மதினி. நான் சொல்லிக்கிடுதேன்.”

“அதுவுஞ் சரிதான். நான் கையெழுத்துப் போடுத ஆளு.”

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். என் திட்டம் எளிமையானது. இன்ஜினியர் கேட்பார், இவள் முழிப்பாள், பிறகு என்னிடம்தான் பேசியாக வேண்டும்.

நகராட்சி ஆபீசுக்குப் பெண் கவுன்சிலர்கள் வந்தால் புருஷன்மார்தான் இன்ஜினியர் அறைக்குள் போய்ப் பேசுவார்கள். அண்ணனும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான். மதினி, “நீங்க வெளிய இருங்க. புள்ளைக்கி விவரம் தெரியும்,” என்று என்னை உள்ளே கூட்டிப்போனாள்.

இன்ஜினியர் படத்தை மேஜையில் விரித்தார். “நல்லா போட்டிருக்கீங்க, கவுன்சிலரம்மா.”

“நான் போட்டா கோலந்தான் வரும் சார். இவ போட்டது.”

அவர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் காத்திருந்தது இதற்குத்தான்.

“மேட்டு வீடுகள்ல குழாய் என்ன மட்டத்துல இருக்கு?”

“தரையிலேர்ந்து ரெண்டரை அடி உயரத்துல, சார்.”

“அம்புட்டு உயரத்துக்குத் தண்ணி ஏறுதுன்னா, புது பைப் எதுக்கும்மா?”

என் படத்தில் எல்லாக் குழாய்களும் தரைக்கு மேலே ஒரே உயரத்தில் நின்றன. அப்படித்தான் போடப் படித்திருந்தேன். அன்று காலையிலும் குடத்தோடு எங்கள் குழிக்குள் மூன்று படி இறங்கி ஏறிவிட்டுத்தான் வந்திருந்தேன். அது படத்தில் வர வேண்டிய விஷயம் என்று தோன்றவேயில்லை.

மதினி படத்தின் மேல் குனிந்து பார்த்தாள். “ஏட்டி, குழியெல்லாம் எங்க?”

பிறகு அவரிடம் விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். “எங்க வீட்டுக்கு மூணு படி சார். அடுத்த வீட்டுக்கு நாலு. டெய்லர் வீட்டுல அஞ்சு; அந்த வீட்டுப் பிள்ளை மாசமா இருக்கு, அதுதான் இறங்கி ஏறுது. கடைசி வீட்டுல படி கிடையாது, ஏணி.”

அவர் சிவப்புப் பென்சிலை எடுத்து, அவள் சொல்லச் சொல்ல என் படத்தின் மேல் எழுதினார். பிறகு என்னிடம், “ஆழத்தைச் சரியா அளந்து வேற படம் கொண்டாங்க. எஸ்டிமேட் போட்டுருவோம்,” என்றார்.

வெளியே வந்ததும் மதினி, “ஊரையே அளந்துட்டு நம்ம வாசல விட்டுட்டியே,” என்று சிரித்தாள். அண்ணனும் சிரித்தான், விஷயம் தெரியாமலே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு குழியாக இறங்கி அளந்தேன். டேப்பின் மறுமுனையை மேலே மதினி பிடித்திருந்தாள். எந்த வீட்டிலும் அவளைக் கேட்காமல் என்னைக் குழிக்குள் இறங்க விடவில்லை.

இப்போதைய நிலைமை இது. புது பைப் போட்டாயிற்று, குழிகளை மூடிவிட்டார்கள். நகராட்சி ஃபைலில் இருக்கும் படத்தில் மதினியின் கையெழுத்து இருக்கிறது, என்னுடையது இல்லை. அடுத்த தேர்தலுக்கு எனக்கு வயது போதும். தெருக்காரர்கள் மறுபடியும் மதினியைத்தான் நிற்கச் சொல்கிறார்கள். நின்றால் என் ஓட்டும் அவளுக்குத்தான். பொறாமை குறையவில்லை.