மின்விசிறி நின்றால் எழுந்துவிடும் அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலரை அண்ணன் பேச்சின் பாதியில் விட்டுவிட்டுப் போயிருப்பார். மின்விசிறி நின்றால் போதும், அவர் பேச்சும் நின்றுவிடும். சட்டைப் பையில் போனைத் துழாவிக்கொண்டே வாசலுக்குப் போய்விடுவார். மரியாதை தெரியாத மனிதர் என்று முணுமுணுத்தவர்களும் நம் உறவில் உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான், அண்ணன் மறைந்த ஓராண்டு நிறைவில், தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் முதலியார்பேட்டையில், மில் தொழிலாளியான எங்கள் அப்பாவுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். மில் மூடப்பட்டபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். மேலே படிக்கும் ஆசையை யாரிடமும் சொல்லாமல் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பில் சேர்ந்தார். அப்பா காலமான பிறகு எனக்கு மாப்பிள்ளை பார்த்ததும், மணவறைக்கு அழைத்து வந்ததும் அவர்தான். உழவர்கரைப் பக்கம் ஒரு மருந்துக் கிடங்கில் ஜெனரேட்டர்களைப் பராமரிக்கும் வேலை கிடைத்தபோது வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வந்தது. அவருடைய நிம்மதி அன்றோடு போனது.

அந்தக் கிடங்கில் குளிரூட்டிய அறை ஒன்று உண்டு. இன்சுலின், தடுப்பூசி, பாம்புக்கடிக்கான மருந்து எல்லாம் அதற்குள்தான் இருக்கும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்க வேண்டும். அதற்கு அதன் சுவிட்ச் ‘ஆட்டோ’ என்ற இடத்தில் இருக்க வேண்டும். வாரந்தோறும் ஓட்டிப் பார்ப்பதற்காக அதை ‘மேனுவல்’ என்ற இடத்துக்குத் திருப்புவார்கள். பார்த்து முடித்ததும் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். வேலை இவ்வளவுதான், மறதியும் இங்கேதான் வரும். அண்ணன் சேர்ந்த புதிதில், இன்னொருவர் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். அன்று மின்சாரம் போனது, ஜெனரேட்டர் ஓடவில்லை. கெட்டுப்போன குளிரறை மருந்து முழுவதையும் அழிப்பதற்காக வண்டியில் ஏற்றியதை அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

“பார்த்தா ஒண்ணுமே ஆகாத மாதிரி இருக்கும்மா. தண்ணி மாதிரி சுத்தமா இருக்கு. ஒருத்தருக்கு அத போட்டா இன்னா ஆவும்னு யோசிச்சிப் பாரு” என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதே கையைத் தேய்த்துக்கொள்வார். அதன்பின் சுவிட்சைத் திருப்பிவிட்டுக் கிளம்பினாலும், பாதி வழியில் சந்தேகம் வந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்ப்பார். “எங்க கல்யாணத்தன்னைக்கே ஃபேன் நின்னதும் என்ன உட்டுட்டு மேல பார்த்தவரு இவரு” என்று அண்ணி கேலி செய்வார்.

என் மகளுக்குக் காது குத்திய நாளை நம் உறவினர் யாரும் மறந்திருக்க முடியாது. தாய்மாமன் மடியில் மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் குழந்தை உட்கார்ந்திருக்கிறாள். காது குத்தும் பத்தர் கம்பியைக் கையில் எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மண்டபத்தில் மின்சாரம் போனது. அண்ணன் தலையை நிமிர்த்தி, “எங்கெங்க இல்லியாம்?” என்று கேட்டார். உழவர்கரைப் பக்கமும் இல்லை என்று யாரோ போனில் கேட்டுச் சொன்னார்கள். முந்தின நாள்தான் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்திருந்தார். சுவிட்சைத் திருப்பி வைத்தோமா என்பது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. கிடங்கின் காவலாளி குமாருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

பத்தர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “சார், மடி ஆடுது. நான் எப்பிடி குத்துறது?”

உண்மையாகவே ஆடியது. எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! நல்ல நேரம் முடியப் போகிறது, என் புகுந்த வீட்டார் வரிசையாக உட்கார்ந்து பார்க்கிறார்கள், இவர் குழந்தையை என்னிடம் நீட்டி, “போய்ப் பார்த்துட்டு ஓடியாந்துடறேம்மா” என்கிறார். நான் வாங்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது பேசியவர் என் மாமியார். சாதாரணமாக அவர் வாய் திறந்தால் என் மேல் ஏதாவது குறையாகத்தான் இருக்கும். “மாமன் மடிதான வோணும்? மடி எங்க போவுதோ கொழந்தையும் அங்க போவட்டும். நான் தெனம் போட்டுக்கற ஊசி எங்கேர்ந்து வருதுன்னு நெனச்சீங்க? பத்தரே, நீங்களும் ஏறுங்க வண்டியில.”

என் கணவர் காரை ஓட்டினார். பின்னால் பத்தரும் நானும், முன்னால் குழந்தையோடு அண்ணன். கடை கடையாக விளக்கில்லாமல் கிடந்த தெருக்களைப் பார்த்துக்கொண்டே போனோம். போன் அடித்தபடி இருந்தது, குமார் எடுக்கவில்லை. கோபம் தீர்ந்து எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. கிடங்கு முனை வந்ததும் அண்ணன் கண்ணாடியை இறக்கிக் காதை வெளியே நீட்டினார். ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. “ஓடுது, ஓடுதும்மா” என்று சொல்லிக் குழந்தையின் சந்தனத் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சுவிட்ச் ஆட்டோவில்தான் இருந்திருக்கிறது. அந்தச் சத்தத்தில்தான் குமாருக்குப் போன் கேட்கவில்லை. “இன்னாண்ணே, மேளம் வெக்காம வந்துட்டீங்க?” என்று குமார் கேட்டைத் திறந்தபடி சிரித்தார். உள்ளே போய் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்தார். இப்போது மடி ஆடவில்லை. நல்ல நேரம் முடிவதற்குள் பத்தர் குத்தி முடித்தார். என் மகள் போட்ட கூச்சல் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. இந்த மலரின் அட்டையில் இருப்பது அன்று எடுத்த படம்தான். அழுகிற குழந்தை இருக்கும் பகுதியை வெட்டிவிட்டு அண்ணன் முகத்தை மட்டும் பெரிதாக்கியிருக்கிறோம். வேறு எந்தப் படத்திலும் அவர் இப்படிச் சிரித்ததில்லை.

நுரையீரல் நோய் அண்ணனைப் படுக்கையில் தள்ளியது. கோரிமேட்டு மருத்துவமனையில் இருந்த கடைசி வாரம், மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், வார்டு முழுவதும் இருண்டது. மூக்கில் குழாயோடு கிடந்தவரைப் பார்த்து, நர்சைக் கூப்பிட எழுந்தேன். நான் ஓர் அடி வைப்பதற்குள் விளக்குகள் மறுபடி எரிந்தன. அண்ணன் கையை உயர்த்தி, தூரத்து ஜெனரேட்டர் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். “எவனோ புண்ணியவான், ஆட்டோவுல போட்டுட்டுப் போயிருக்கான்” என்றார். பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

இறுதிச் சடங்கு நாளன்று பிற்பகல் எங்கள் தெருவில் மின்சாரம் போனது. அண்ணனைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் ஓசை அடங்கியது. வந்திருந்த எல்லோரும் பதறிப் பெட்டியைப் பார்த்தார்கள். தெருப் பிள்ளைகள் பந்தல்காரரின் ஜெனரேட்டரைக் கொண்டுவர ஓடினார்கள். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி என்னைப் பார்த்து, “மொதல்ல குடோனுக்குப் போன் போடும்மா” என்றார்.

அண்ணியின் போனிலிருந்தே, ஸ்பீக்கரை வைத்துப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் குமார். காலையில் மாலை போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தார். அண்ணன் படுத்ததிலிருந்து ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். நான் கேட்பது அவருக்குக் காதில் விழவில்லை. “ஓடுது அண்ணி! ஓடுது!” என்று கத்தினார். பின்னால் கேட்ட இரைச்சல் கூடம் முழுக்க நிறைந்தது. அண்ணி பெட்டியின் கண்ணாடி மேல் குனிந்து, “ஓடுதாம். கேட்டுச்சா?” என்றார்.

அந்த நாட்களில் எங்களோடு நின்ற உறவினர்களுக்கும், தெருக்காரர்களுக்கும், தோள் கொடுத்த கிடங்கு நண்பர்களுக்கும், மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. மருத்துவமனையில் சுவிட்சை ஆட்டோவில் வைத்துவிட்டுப் போன, பெயர் தெரியாத அந்த மனிதருக்கும் எங்கள் வணக்கம். குமாருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இந்த ஓராண்டில், மின்சாரம் போகும்போதெல்லாம் யாரும் கேட்காமலே அண்ணியின் போன் அடிக்கிறது. “ஓடுது அண்ணி” என்கிறார் அவர். “சரிப்பா” என்கிறார் அண்ணி. அதுவரை வாசலில் நிற்கிறவர், அதன்பிறகுதான் உள்ளே வந்து உட்காருகிறார்.