கடைசி வரிசையில் ஒரு டத்தோ

வார நாள்களில் நான் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறுகளில் மேடை அறிவிப்பாளர். கல்யாண விருந்து, தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு, சங்கங்களின் ஆண்டு விழா என்று இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் ஒலிவாங்கி பிடிக்காத மண்டபம் குறைவு. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

டத்தோ என்ற அரசுப் பட்டம் பெற்ற அந்த மனிதரை முதன்முதலில் பார்த்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்க விழாவில். கட்சியில் பெரிய பொறுப்பில் இருந்தவர். முன்வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய சோபா அவருக்காகக் காத்திருந்தது. அவரோ கடைசி வரிசைக்குப் போய், வயதானவர்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மேடையிலிருந்து அழைத்தேன். கும்பிட்டபடி வேண்டாம் என்று தலையசைத்தார். சங்கத் தலைவர் இறங்கிப் போய்க் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்தார். போட்ட மாலையை உடனே கழற்றித் தலைவர் கழுத்தில் போட்டார். "நானும் உங்கள்ல ஒருத்தன்தான். எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கணவரிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை கிள்ளானில். அதே கடைசி வரிசை, அதே கும்பிடு, அதே பேச்சு. ஆனால் இந்த முறை வேறொன்றும் கண்ணில் பட்டது. அவர் மண்டபத்துக்குள் வருவதற்கு முன்பே அவருடைய புகைப்படக்காரர் வந்துவிட்டார். கடைசி வரிசைக்கு எதிரே காலை அகட்டி நின்று, யாரும் உட்காராத ஒரு நாற்காலியைப் பார்த்துக் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தார். மறுநாள் அந்தப் படம் முகநூலில் வந்தது. எளிமையின் சிகரம் என்று கீழே எழுதியிருந்தார்கள். பார்த்ததும் என் முகத்தில் யாரோ தண்ணீரை வீசி அடித்தது போலிருந்தது. என் கண்ணீரும் அந்தப் படப்பிடிப்பில் ஒரு பகுதிதானா?

பிறகு அந்தப் பள்ளி விழா வந்தது. மாநில அளவில் பெண்கள் காற்பந்தில் வென்ற ஒரு தமிழ்ப்பள்ளிக் குழுவுக்குப் பாராட்டு. ஞாயிறு காலை. ஏற்பாடு செய்தது ஒரு சங்கம், சிறப்பு விருந்தினர் அதே டத்தோ. பிள்ளைகளை முன்கூட்டியே மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டார்கள். மேலே சுற்றிய காற்றாடி சத்தம் போட்டதே தவிர காற்று வரவில்லை. ஒரு பெண்ணுக்குக் கணுக்காலில் கட்டு. எடையை ஒரு காலில் தாங்கி நின்றாள். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துச் சீருடையோடு வந்திருந்த சில அம்மாக்கள் கீழே தூக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டத்தோ தாமதம். அவருடைய உதவியாளர் மட்டும் மேடை ஓரத்துக்கு வந்தார்.

"அக்கா, டத்தோ பின்னாலதான் உக்காருவாரு. நீங்க கூப்பிடணும். ஒரு தடவை கூப்பிட்டு விட்டுறாதீங்க லா. கொஞ்சம் கெஞ்சுற மாதிரி கூப்பிடுங்க. அப்புறம் ஹெட்மாஸ்டர் இறங்கிப் போவாரு, அவர்கிட்ட சொல்லியாச்சு."

"அவரு வரமாட்டேன்னு சொன்னா?"

"சொல்லுவாரு அக்கா. சும்மா சொல்லுவாரு. நீங்க புதுசா என்ன?"

மேடையில் நின்ற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தேன். கட்டுப் போட்டவள் இப்போது பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டத்தோ வந்தார். நேராகப் பின்னால் போய் உட்கார்ந்தார். நான் முறைப்படி அழைத்தேன். அவரும் முறைப்படி கும்பிட்டு மறுத்தார். கேமரா பளிச்சிட்டது. தலைமையாசிரியர் படியிறங்கக் காலை எடுத்து வைத்தார்.

"ஒரு நிமிடம், சார்," என்றேன் ஒலிவாங்கியில். "டத்தோ அவர்கள் நம்மில் ஒருவராக நம்மோடு உட்கார்ந்திருக்கவே விரும்புகிறார். அவருடைய விருப்பத்தை நாம் மதிப்போம். அவருக்கு ஒரு பலத்த கைதட்டல்!"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். எழுந்திருக்கப் பாதி நிமிர்ந்திருந்தவர், கும்பிட்ட கையோடு மறுபடி உட்கார வேண்டியதாகிவிட்டது. சிரிப்பு மட்டும் முகத்தை விட்டுப் போக வழி தெரியாமல் அங்கேயே நின்றது. உதவியாளர் கையை ஆட்டினார். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பதக்கங்களைப் பயிற்சி கொடுத்த ஆசிரியையே அணிவிப்பார் என்று அறிவித்தேன். அவர் ஒவ்வொரு பெண்ணுக்கும் பதக்கம் போட்டுக் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

நேரம் மிச்சமிருந்தது. குழுத் தலைவியிடம் ஒலிவாங்கியை நீட்டி, எப்படி ஜெயித்தீர்கள் என்று கேட்டேன். நன்றியுரை ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தார்கள் போல; கையில் ஒரு தாள். அதைப் பார்த்தாள், மடித்தாள்.

"நாங்க நல்லா ஆடுனோம், ஆன்டி. அவங்கள விட நல்லா ஆடுனோம்."

அம்மாக்கள் தூக்கம் கலைந்து சிரித்தார்கள். அந்தச் சொல்லில் திமிர் கொஞ்சமும் இல்லை. நடந்ததை அப்படியே சொன்னாள்.

விழா முடிந்து மீகூன் சேமியா பரிமாறும் இடத்தில் டத்தோ என் பக்கத்தில் வந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, உதடு அதிகம் அசையாமல் பேசினார்.

"பணிவுக்கும் ஒரு முறை இருக்கும்மா."

"நீங்க வேணாம்னு சொன்னீங்க, டத்தோ. நான் நம்பிட்டேன்."

"அதை நம்புறதா..." என்று தொடங்கியவர், தான் சொல்ல வந்தது தன் காதிலேயே விழுந்தது போல் நிறுத்திக்கொண்டார். தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே விழா நடத்திய சங்கத்தின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "ஒரு மன்னிப்பு எழுதி அனுப்பிடுங்கம்மா. விஷயம் முடிஞ்சிடும்."

"எதுக்குன்னு எழுதட்டும், அண்ணே?"

"டத்தோவை மேடைக்கு... நீங்க கூப்பிட்டீங்க, அது சரி. அவர் வரலன்னு சொன்னாரு..."

"அப்போ அவர் பேச்சைக் கேட்டதுக்கு மன்னிப்பா?"

"இல்லம்மா, அவர் மனசுல..."

"அவர் மனசுல வேற இருந்துச்சுன்னு நீங்களே எழுதிக் கொடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். பேசவில்லை.

கணவர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். "ஒரு சாரிதானே? சும்மா சொல்லிட்டுப் போயேன்."

"இந்தச் சும்மா சொல்றதுதாங்க எனக்கு இனிமே வராது."

அதன் பிறகு சங்க மேடைகள் எனக்கு இல்லை என்றாகிவிட்டது. பேசி வைத்திருந்த ஓர் ஆண்டு விழாவும் கைவிட்டுப் போனது. என் இடத்தில் வேறொருவர் நின்று கெஞ்சிக்கொண்டிருப்பதைப் படங்களில் பார்த்தேன். வருத்தம் இருந்தது, இல்லையென்று நடிக்க மாட்டேன். மேடை எனக்குப் பிடிக்கும். ஆனால் திரும்பப் போய்க் கதவைத் தட்டத் தோன்றவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் என்னைக் கைவிடவில்லை.

அப்படி ஒரு கல்யாணம், போன ஆண்டு கிள்ளானில். மாப்பிள்ளை வீட்டார் டத்தோவுக்கு வேண்டியவர்கள். நான் மேடையில் விருந்தினர்களை வரவேற்றுக்கொண்டிருந்தபோது அவர் வாசலில் தெரிந்தார். புகைப்படக்காரரும் கூடவே. டத்தோவின் கண் வழக்கம்போல் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியைத் தேடியது. அப்புறம் நிமிர்ந்து மேடையைப் பார்த்தார். ஒலிவாங்கியோடு நான்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு கணம் நின்றவர், நடைபாதைக் கம்பளத்தில் விறுவிறுவென்று நடந்து வந்து, முன்வரிசையில் தனக்குப் போட்டிருந்த நாற்காலியில் யாரும் அழைக்காமலே உட்கார்ந்தார்.

அவருக்கு உரிய பட்டத்தோடு, உரிய மரியாதையோடு வரவேற்றேன். அவர் என்னைப் பார்க்காமல் மணவறைப் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாதஸ்வரக்காரருக்குக் கைகாட்டினேன்.