கைப்பிடியின் மேல் பழி

எங்கள் ஆட்டுப் பண்ணையில் மெர்வின் டோலனைப் போல மோட்டார் சைக்கிள் கைப்பிடி ரப்பரை அடிக்கடி மாற்றியவர் எவரும் இல்லை. காரணம் எளியது: ரப்பர் நன்றாகவே இருந்தது.

கெட்டது கை. கம்பளி கத்தரித்தே தேய்ந்த இடது கை விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் இந்த மேற்குக் காட்டில், மந்தையைச் சுற்றிவந்து ஆடு வளைக்க வண்டி ஓட்ட முடியாதவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவருக்குப் பண்ணை கொடுக்கும் தகரக் குடிலும் இல்லை. மிச்சம் டவுனில் உள்ள முதியோர் இல்லம். அங்கே ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம் தெரியுமாம். ஆகவே விழும்போதெல்லாம் எழுந்து, புழுதியைத் தட்டிவிட்டு, ரப்பரை வைவார்: "சனியன், மறுபடியும் சுத்துது!"

அது சுற்றவும் செய்தது. சோப்பு நீர் தடவி ரப்பரை ஏற்றுவார், காயுமுன் கிளம்பிவிடுவார். நாங்கள் நம்பினோம், அதாவது நம்புவதென்று பேசாமலே முடிவு செய்திருந்தோம். எங்கள் பக்கத்தில் ஒருவரின் உடம்பைப் பற்றிக் கேட்பது நாகரிகமில்லை. வண்டியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம்.

இந்த நாகரிகத்துக்குள் ஒரு நல்ல மனம் புகுந்ததுதான் வினை. கூட வண்டி ஓட்டும் ராய்ஸ், மெர்வின் சாப்பிடப் போன நேரத்தில் அவருடைய ரப்பரைக் கத்தியால் கீறி எடுத்தான். கைப்பிடிக் குழாயில் படிந்திருந்த கம்பளிப் பிசுக்கைப் பெட்ரோலால் துடைத்தான். பசை போட்டுப் புது ரப்பரை ஏற்றினான். மேலே மெல்லிய கம்பி சுற்றி முறுக்கி, உள்ளங்கையைக் கிழிக்காதபடி முனையை ரப்பருக்குள் புதைத்தான்.

மறுநாள் காலை, ஆடு வளைக்கக் கிளம்புமுன், வழக்கம்போல் முதலாளியம்மா க்ளெனிஸ் ஒவ்வொரு கைப்பிடியாகத் திருகிப் பார்த்தார்.

"கல்லு மாதிரி இருக்கே! இனிமே உங்களுக்குச் சாக்கே இல்ல, மெர்வ்."

எல்லோரும் சிரித்தார்கள். மெர்வின் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார். பிறகு ராய்ஸிடம் தணிந்த குரலில், "உன்ன யாருடா கேட்டா?" என்றார்.

"நீ விழுந்து செத்துடக் கூடாதேன்னுதான், பெருசு."

"விழறது வேற, சாகறது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

அன்று மந்தையை வளைக்கையில், ஓடை மணலில் முன்சக்கரம் சறுக்கியபோது இடது கை பிடியைப் பற்றவில்லை. மெர்வின் விழுந்தார். உதடு கிழிந்தது, அவ்வளவுதான். ஆனால் அவர் மறித்துக் காக்க வேண்டியிருந்த இடைவெளி வழியாக மந்தை முழுவதும் திரும்பி ஓடிவிட்டது.

முதலில் வந்து சேர்ந்தவன் ராய்ஸ். எழுந்து உட்கார்ந்த மெர்வின், கைப்பிடியைப் பார்த்தார். ராய்ஸும் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. மண்டியிட்டு, கம்பியின் முனையை நகத்தால் தோண்டத் தொடங்கினான்.

"கம்பி அறுந்துடுச்சுன்னு சொல்லிடலாம், பெருசு. ஒரு நிமிஷம்..."

முனை ஆழத்தில் இருந்தது. வேலையை ஒழுங்காகச் செய்பவன் அவன். நகக்கண்ணில் ரத்தம் வந்தது, கம்பி வரவில்லை. அதற்குள் க்ளெனிஸின் ஜீப் வந்து நின்றது.

அவர் கிழிந்த உதட்டைப் பார்த்தார். நாகரிகப்படி அதைப் பற்றிக் கேட்கவில்லை. குனிந்து கைப்பிடியைத் திருகினார். அது அசையவில்லை.

"வண்டிக்கு என்ன ஆச்சு, மெர்வ்?"

மெர்வின் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு," என்றார்.