எதிர்க்கட்சி வக்கீலைத் தேடி வந்தவர்

போன வாரம் ஒரு நாள் காலை, கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒருவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். எங்கேயோ பார்த்த முகம்… எங்கே?

“நான் அந்தோணிங்க. செசிலியோட அப்பன்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செசிலியைத் தெரியாமலா? தொப்பூர் கணவாயில், நின்றுகொண்டிருந்த லாரி மேல் ஒரு தனியார் பஸ் மோதியதில் இடுப்பெலும்பு முறிந்த பெண். காரிமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறாள். பஸ்ஸுக்கு இன்ஷூரன்ஸ் கொடுத்த கம்பெனியின் வக்கீல் நான். அதாவது, வாசலில் நிற்கிற இந்த மனிதருக்கு நான் எதிரி!

“வீடு மாறி வந்துட்டீங்க. உங்க வக்கீல் அடுத்த தெருவுல இருக்கார்” என்றேன்.

“இல்லீங்கய்யா. உங்களத்தான் பாக்கோணும்னு வந்தேன்.”

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அடிபட்டவர்களைக் கூண்டில் ஏற்றி, ‘உனக்கு ஒன்றும் பெரிதாக ஆகவில்லையே’ என்று கேட்பதுதான் என் வேலை. வலது கை போனவரிடம், ‘இடது கையால் சாப்பிடுகிறீர்கள் அல்லவா?’ என்று கேட்டிருக்கிறேன். ‘நீ நன்றாகத்தான் இருக்கிறாய்’ என்று சொன்னால் யாருக்கும் சந்தோஷம்தானே வரவேண்டும்? என் வாயால் அதைக் கேட்பவர்கள் மட்டும் மண்ணை வாரித் தூற்றாத குறைதான். தொப்பூர் ரோடு இருக்கிறவரை எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. இப்படி ஒரு வாழ்க்கையா என்று சில சாயங்காலங்களில் அலுத்துப் போகும். மறுநாள் காலையில் மறுபடி கறுப்புக் கோட்டை மாட்டிக்கொள்வேன். வேறென்ன செய்ய?

எதிர்த்தரப்பு ஆளிடம் வழக்கைப் பற்றிப் பேசவே கூடாது. சொன்னேன். அந்தோணி கேட்டால்தானே?

“பொண்ணுக்கு எடம் அமைஞ்சிருக்குதுங்க. பென்னாகரத்துப் பையன், மளிகைக் கடை வச்சிருக்கான். வர்ற ஞாயித்துக்கெழமை கோயில்ல மொத ஓலை வாசிக்கணும். லேசா அடிபட்டுது, சரியாப் போச்சுன்னு சொல்லி வச்சிருக்கோம். பொண்ணு பாக்க வந்தப்பகூட முன்னாலயே நாக்காலியில உக்கார வச்சுட்டோமுங்க. இப்ப பையனோட தாய்மாமன், இன்னைக்குக் கேசுக்குக் கோர்ட்டுக்கே வந்து பாத்துக்கறேங்கறாரு…”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“எங்க வக்கீலு, பொண்ணால நடக்கவே முடியாது, கட்டிக்க ஆளே வராதுன்னு எழுதியிருக்காருங்க. நீங்கதான் அவ நல்லா நடக்குறா, ஒரு கொறையும் இல்லேன்னு எழுதியிருக்கீங்களாம். அதையே கொஞ்சம் சத்தமாக் கேட்டுப் பேசிப்போட்டீங்கன்னா போதும். கேசு போனாப் போவட்டுங்க. அவ ஒரு வூட்டுல போய்ச் சேந்தாப் போதும்.”

ஓலை வாசிப்பது என்றால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் அறிவிப்பார்கள். அதற்கு முன்னால் பெண்ணுக்குத் தடையே இல்லை என்று கோர்ட்டில் என்னை வைத்து அறிவிக்கப் பார்க்கிறார் இந்த மனிதர்! அடிபட்ட பெண்ணின் அப்பாவே நான் ஜெயிக்கவேண்டும் என்று கும்பிட்டது இதுதான் முதல் தடவை. சிரிப்பு வரவில்லை. என்னவோ போலிருந்தது. “எதுவா இருந்தாலும் உங்க வக்கீல்கிட்ட போய்ப் பேசுங்க” என்று அனுப்பிவைத்தேன்.

போய்ப் பேசவில்லை என்பது கோர்ட்டுக்குப் போனதும் தெரிந்துவிட்டது. செசிலியின் வக்கீல் உற்சாகமாக இருந்தார். பின் பெஞ்சில் அந்தோணி, பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர் — அவர்தான் தாய்மாமன்.

செசிலி கூண்டுக்குப் போனாள். நான்கு எட்டுதான் இருக்கும். அதற்குள் தெரிந்துவிட்டது, இடது காலை இழுத்துத்தான் வைக்கிறாள். எழுந்து நின்றேன். வழக்கமாகக் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டேன்.

“இப்ப நீ நல்லாத்தானேம்மா நடக்கறே?”

‘ஆமாங்க’ என்று ஒரு வார்த்தை. கம்பெனிக்கும் அதுதான் வேண்டும், அப்பாவுக்கும் அதுதான் வேண்டும். அந்தோணி பின்னாலிருந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பின் பெஞ்சைப் பார்த்தாள்.

“நடப்பேன் சார், இழுத்து இழுத்து. குத்த வச்சு உக்கார முடியாது. தண்ணிக் கொடத்த இடுப்புல வைக்க முடியாது. உக்காந்தா எந்திரிக்க யாராச்சும் கை குடுக்கணும்.” ஜட்ஜ் பக்கம் திரும்பினாள். “எனக்குக் கல்யாணம் பேசியிருக்காங்க சார். அதையும் எழுதிக்கங்க. அவங்க வூட்டு ஆளு இங்கதான் இருக்காரு. அவரும் கேட்டுக்கட்டும்.”

அவ்வளவுதான். நல்லாத்தான் இருக்கிறாள் என்ற என் வாதமும் போச்சு, கட்டிக்க ஆளே வராது என்ற அவள் வக்கீலின் வாதமும் போச்சு. அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அந்தோணி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இன்னும் கேட்பதற்கு என்னிடம் கேள்விகள் இருந்தன. கேட்கப் பிடிக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார் அந்தத் தாய்மாமன்.

“வக்கீலய்யா, நீங்க ரெண்டு பக்கத்துக் காயிதமும் படிச்சவரு. நீங்களே சொல்லுங்க. அந்தப் பொண்ணு நல்லாருக்குதா, இல்லீங்களா?”

என்ன சொல்ல? ‘ஒரு குறையும் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டுத் தாக்கல் செய்திருப்பவன் நான். ‘கஷ்டம்தான்’ என்று சொன்னால் ஒரு பெண்ணின் கல்யாணம் என் வாயால் நிற்கும். டீ ஆறிக்கொண்டிருந்தது.

“நான் எழுதுனத நம்பாதீங்க. அவங்க வக்கீல் எழுதுனதையும் நம்பாதீங்க. அந்தப் பொண்ணு சொல்லுச்சே, அதுதான் நெசம். குத்த வச்சு உக்கார முடியாது, ஆனா பொய் சொல்லி உங்க வூட்டுக்கு வரவும் அதுக்கு மனசு வரல” என்றேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“எங்க பையனுக்குப் பொழுது சாஞ்சா கண்ணு தெரியாதுங்க. மாலைக்கண்ணு. நாங்க அத அவங்க காதுல போடவே இல்லீங்க. பொண்ணு பாக்க உச்சி வெயில்ல போனதே அதுக்குத்தான்.”

“அத ஏங்க எங்கிட்டச் சொல்றீங்க? அதோ, காரிமங்கலம் பஸ் இன்னும் கிளம்பலை. ஜன்னலோரம் உக்காந்திருக்காங்க பாருங்க.”

மனிதர் டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார். ஜன்னலருகே நின்று என்னவோ சொன்னார். அந்தோணி பதறி எழுந்தார். செசிலி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள் என்றுதான் எனக்குப் பட்டது — தூரம், சரியாகத் தெரியவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார். பென்னாகரம் போகவேண்டிய மனிதர் காரிமங்கலம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. எப்படி வந்தாலும் கம்பெனிக்காரர்கள் என்னைக் கோபித்துக்கொள்வார்கள். போகட்டும்.

வருடக்கணக்காகக் குறுக்கு விசாரணை செய்கிறேன். நான் கேட்காத உண்மையை இரண்டு பேர் தாங்களாகவே சொன்னது அன்றைக்குத்தான்… அதில் ஒருவர்கூட என் கட்சி இல்லை!