லைன் படம்

அவளுடைய விரல்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். கீபோர்டைப் பார்க்காமலே தட்டுவாள். நான் ஓர் எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அவள் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு, "அக்கா, டீ குடிப்போமா?" என்று கேட்பாள். அந்த "அக்கா"வைக் கேட்டால் இன்னும் எரியும்.

தெரணியகலையில் ஒரு சின்ன ஆபீஸ். தோட்டங்களில் தொழிலாளர்கள் வரிசையாக ஒட்டிய ஒற்றை அறைகளில் குடியிருக்கும் லயங்களை உடைத்துவிட்டுத் தனித்தனி வீடு கட்டும் திட்டம். நான் தொடக்கத்திலிருந்தே இருப்பவள். அவள் ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து நேற்று வந்தவள். அந்த வருடம் புதிதாக ஓர் உத்தரவு வந்தது. வீட்டுப் பிளான், செலவு மதிப்பீடு, மண் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் ஏற்றவேண்டும். உதவி தரும் வெளிநாட்டுக்காரர்கள் அங்கிருந்தே பார்ப்பார்களாம். வேலை முடிந்ததும் எங்களில் ஒருத்தியைக் கொழும்பு ஆபீசில் நிரந்தரமாக எடுப்பதாக இன்ஜினியர் சொல்லிவிட்டார். அந்த வேலை எனக்கு வேண்டும். அவளுக்குக் கிடைக்கக் கூடாது என்பது அதைவிட வேண்டும்.

ஸ்கேன் செய்வது என் பொறுப்பு. அடுக்கிப் பெயர் வைத்து ஏற்றுவது அவள் பொறுப்பு. எங்கள் ஸ்கேனரில் பிளான் தாள் முழுதாக அடங்காது. பாதி பாதியாக எடுத்து ஒட்டவேண்டும். ஒட்டிய இடத்தில் சுவர் ஒரு மயிரிழை விலகினாலும் நான் திரும்ப எடுப்பேன். அதை யார் பார்த்தார்கள்? இன்டர்நெட்டும் போன் வயரில்தான்; அவள் ஏற்றிக்கொண்டிருக்கும்போது போன் வந்தால் கனெக்ஷன் அறுந்துவிடும். இடி இடித்தால் வயரைப் பிடுங்கவேண்டும். தெரணியகலையில் இடி இல்லாத பின்னேரம் ஏது? அவளோ சலிக்காமல் மறுபடி ஏற்றுவாள், நடுநடுவே இன்ஜினியரோடு சிங்களத்தில் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். எனக்கும் சிங்களம் நன்றாகவே வரும். சிரிப்புத்தான் வராது.

ஒருநாள் இன்ஜினியர் கொழும்பிலிருந்து போன் எடுத்து, "நங்கி, லைன் டிராயிங்கை முதலில் போடுங்க" என்று சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்து அவளிடம் சொன்னார். அவர் சொன்னது புது வீட்டின் கோட்டுப் படங்களை. தோட்டத்தில் பிறந்தவளுக்கு லைன் என்றால் லயம்தான். உடைப்பதற்கு முன் பதிவுக்காக நான் அளந்து வரைந்து வைத்திருந்த பழைய லயத்தின் படத்தைத் தேடியெடுத்து, எல்லா வீடுகளுக்கும் முன்னால் முதல் பக்கமாக ஏற்றிவிட்டாள்.

மறுநாள் அவர் கத்தியது ரிசீவரைத் தாண்டி என் மேசைவரை கேட்டது.

"ஐயோ அக்கா, லைன்னா லைன்தானே?" என்று அழுதாள்.

"ஆமா, லைன்னா லைன்தான். விடு" என்று முதுகைத் தடவினேன். சந்தோஷத்தில் எனக்குப் பசியே எடுக்கவில்லை. மனசுக்குள் கொழும்பில் ரூம் தேடத் தொடங்கியிருந்தேன்.

அன்று பின்னேரமும் இடி. படத்தை மாற்ற முடியவில்லை. அதற்குள் வெளிநாட்டுக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். இத்தனை சின்ன ஒற்றை அறைக் காம்பராவிலா ஒரு முழுக் குடும்பம் என்று கேட்டிருந்தார்கள். புது வீடு எதற்கென்று இப்போதுதான் புரிகிறது, எல்லாத் தோட்டங்களின் ஆவணத்திலும் இப்படியே லயத்தை முதலில் போடுங்கள், யோசித்தவருக்குப் பாராட்டு என்றும் எழுதியிருந்தார்கள். கத்திய அதே வாயால் இன்ஜினியர், "மூளைக்காரப் பிள்ளை" என்றார். படத்தை வரைந்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கொழும்புக்கு அவள்தான் போனாள். போகிற அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"அந்தப் படந்தாங்க்கா என்னையக் காப்பாத்துச்சு. அது எந்த லயம்னுகூட எனக்குத் தெரியாது."

"மேல் டிவிஷன் லயம்" என்றேன். "மூணாவது காம்பராவுலதான் நான் இன்னும் இருக்கேன்."