வயலில் விதைத்த பனியன்

எனக்குப் பொறுமை கிடையாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் பார்க்கிறவனுக்கு அது எங்கிருந்து வரும்? தேதி கொடுத்தால் அந்தத் தேதிக்கு ஏற்றுமதிப் பெட்டி கிளம்பியாக வேண்டும். அந்த அவசரத்தோடுதான் மடத்துக்குளத்தில் அக்காவின் வயலுக்குள்ளும் போய் நின்றேன்.

ஒரு வருடமாக அவளை நச்சரித்தேன். யூரியா கொட்டிக் கொட்டி மண் செத்துப்போச்சு, எங்கே, ஒரு மண்புழுவைக் காட்டு பார்க்கலாம் என்று. அவளுக்கு இருப்பதே ஒன்றரை ஏக்கர், சாப்பாடு அதில்தான். கடைசியில் சலித்துப்போய், "ஒரு போகம் உம்பட இஷ்டத்துக்குப் பண்ணு கண்ணு" என்றாள். பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற பருவத்தில் மடக்கி உழுது, அது அழுகினதும் தூயமல்லி நெல் நடுவதாக ஏற்பாடு.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லையே. கட்டிங் மேசையடியில் மூட்டை மூட்டையாக வேஸ்ட் துணி கிடந்தது. பருத்திதானே, மக்கினால் உரம்தானே? தக்கைப்பூண்டு விதைப்பதற்கு முந்தின வாரம் ஆறு மூட்டையைக் கொண்டுபோய்க் கொட்டி உழவைத்தேன். அக்கா ஒரு துண்டை விரலால் தேய்த்துப் பார்த்து, "இது மக்குமா?" என்றாள்.

"சுத்தமான பருத்திங்கக்கா" என்றேன், வாய் கூசாமல்.

தக்கைப்பூண்டு இடுப்புயரம் வந்து பூத்தது. மடக்கி உழுது தண்ணீர் கட்டிப் பத்து நாள் விட்டோம். சேறடிக்க வந்த டிராக்டர் பாதி வயலில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, ரொட்டவேட்டர் கத்தியில் சுற்றிக்கொண்டதைப் பிடித்து இழுத்தார். சேற்றுக்குள்ளிருந்து சிவப்பாக நீண்டுகொண்டே வந்தது.

"ஏனுங்க, நெல்லு நடறதுக்கு முன்னால பனியன் வெதச்சுட்டீங்களா?" என்று சிரித்தபடி, அதை அறுத்தெடுக்க அரிவாள் கேட்டார்.

பருத்தியை மண் தின்றிருந்தது. துணி இழுபடுவதற்காகச் சேர்க்கிற லைக்ரா இழை மட்டும் ரப்பர் மாதிரி அப்படியே கிடந்தது. அந்தத் துணியில் லைக்ரா இருப்பது தினமும் அதை வெட்டுகிற எனக்குத் தெரியாதா? தெரியும். உரம் போடுகிற வேகத்தில் அதை நினைக்கவே இல்லை. ஊருக்குத்தான் உபதேசம். அக்கா முன்னால் நிற்கவே வெட்கமாக இருந்தது.

அவள் திட்டவில்லை. "யூரியாவாவது கரைஞ்சு போயிரும் கண்ணு" என்றாள்.

பொறுக்கின வரைக்கும் பொறுக்கிவிட்டு நாற்று நட்டோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய், வரிசைக்கு வரிசை குனிந்து இழை பொறுக்குகிறேன். போன வாரம் வரப்பில் நின்று அக்கா கேட்டாள்: "இது எப்பத்தான் முடியும்?"

வெளிநாட்டுக்காரன் கேட்டால் யோசிக்காமல் தேதி சொல்கிறவன் நான். அவளிடம் சொல்ல ஒரு தேதி இல்லை.